கூட்டரசுகளைப் பிணைப்பது எது?

அரசுகள் பல கூடி ஓர் ஒன்றியம் அமைப்பதற்குப் பெரும்பாலும் பகைவரைப் பற்றிய அச்சமே முதற்காரணமாகின்றது. அச்சம் நீங்கிய பின்னரும் அவ்வொன்றியத்தை நிலைநிறுத்துவது எது? மூன்று ஒன்றியங்களின் வரலாற்றை ஒப்புநோக்கின் ஓரளவு விடை கிடைக்கும்.

1814இல் நார்வே, சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இணைக்கப்பட்டது. மொழியாலும் சமயத்தாலும் இருநாட்டு மக்களும் மிக நெருங்கியவர்கள். நார்வேக்குத் தனி அரசியல் சட்டமும் நாடாளுமன்றமும் இருந்தன. அயலுறவு மட்டும் சுவீடனின் கையில் இருந்தது. கடல் வாணிகத்தில் தழைத்த நார்வே தனக்கெனத் தனி வணிகத் தூதர்களை வேண்டிற்று, மன்னர் இசையவில்லை. 1905 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் பிரிவினையை ஆதரித்தோர் 3,68,208 பேர்; எதிர்த்தோர் 184 பேர். ஒப்புமை இருந்தது, சமநிலை இல்லை. ஆதலின் உறவு அறுந்தது.

சோவியத் ஒன்றியத்தின் 1977ஆம் ஆண்டு அரசியல் சட்டம், குடியரசுகள் பிரிந்து செல்லும் உரிமையைத் தன் 72ஆம் விதியில் வழங்கியது. ஆயினும் அதனைச் செயற்படுத்தும் வழிமுறையை வகுக்கும் சட்டம் 1990இல்தான் வந்தது. அதுவும் பிரிவதை அரிதாக்கும் நிபந்தனைகளோடு வந்தது. உண்மையில் குடியரசுகளைப் பிணைத்திருந்தது கட்சியின் பிடியே. அது தளர்ந்ததும் 1991 டிசம்பரில் ஒன்றியம் மறைந்தது.

சுவிட்சர்லாந்தின் கதை வேறு. மொழிகள் நான்கு, கிறித்தவப் பிரிவுகள் இரண்டு. கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு, 1845இல் தமக்குள் தனிக்கூட்டு அமைத்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. கூட்டரசின் படைக்குத் தலைமை தாங்கிய தூஃபூர், காயமுற்ற எதிரிகளையும் காக்குமாறு தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். ஒரு திங்களுக்குள் போர் முடிந்தது. மாண்டவர் ஏறத்தாழ நூறு பேர். 1848ஆம் ஆண்டு அரசியல் சட்டம், தோற்ற மாநிலங்களுக்கும் வென்றவற்றுக்கும் மேலவையில் ஒரே அளவுகோலின்படி இடம் தந்தது. தோற்றோர் செலுத்த வேண்டியிருந்த போர்க்கடனின் எஞ்சிய பகுதி 1852இல் தள்ளுபடியாயிற்று. எனினும் தோற்ற தரப்பின் அரசியல் வழிவந்த ஒருவர் நடுவண் அமைச்சரவையில் அமர 1891 வரை காத்திருக்க நேர்ந்தது. காயம் ஆற அத்தனை காலம் பிடித்தது.

இந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே பேசும் ரோமான்ஷ் மொழி, 1938இல் தேசிய மொழியாயிற்று. வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேல் அதற்கு இசைந்தனர். அவர்களுள் மிகப் பலர் அம்மொழியை அறியாதவர்கள். பெர்ன் மாநிலத்தில் மனக்குறையோடிருந்த பிரெஞ்சு மொழியினரின் ஒரு பகுதி, வாக்கெடுப்புகளின் வழியே 1979இல் ஜூரா என்னும் தனி மாநிலமாயிற்று. ஒன்றியத்தை விட்டு அது விலகவில்லை.

ஒரே மொழி, ஒரே சமயம், வலிய படை ஆகிய இவை ஒன்றியத்தைத் தோற்றுவிக்கலாம். தோற்றவனுக்கும் சிறியவனுக்கும் அவையில் இடமும், குறை தீர்க்கும் மெய்யான வழியும் இருக்கும் வரையே அது நிலைக்கின்றது. நூற்றில் ஒருவனின் மொழிக்கு மற்றவர் தரும் மதிப்பு வெறும் பெருந்தன்மையன்று. அது கூட்டரசின் அடித்தளம்.