ஒரு மூக்கின் விலை

"மூக்கறுபட்டு வந்தான்" என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். அவமானப்பட்டான் என்பதே அதன் பொருள். மதுரைச் சீமையில் இது வெறும் பேச்சாக இல்லாத காலம் ஒன்று உண்டு. திருமலை நாயக்கரின் இறுதி ஆண்டுகளில், 1650களின் பிற்பகுதியில், மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரையை நோக்கி வந்தது. அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்து, மூட்டை கட்டித் தம் மன்னருக்கு அனுப்பினார்கள். சேதுபதியின் துணையோடு திருப்பித் தாக்கிய மதுரைப் படையும் மைசூர் எல்லைக்குள் புகுந்து அதையே செய்தது. வரலாற்றில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர்.

உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுப்பானேன்? கையிழந்தவன் போர்வைக்குள் கையை மறைத்துக்கொள்ளலாம். மூக்கிழந்தவன் எதை எங்கே மறைப்பான்? கோவிலுக்கும் சந்தைக்கும் அவன் தன் தோல்வியை முகத்தில் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். அந்த மூக்கை மீண்டும் பெற ஒருவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் காண்போம்.

இதற்கு நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்று இன்னொரு மைசூர்ப் போரில் இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் உடன்பாடு ஏற்பட்டு, திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்குப் போயிற்று. போடிநாயக்கனூர் முதலிய பாளையங்கள் அந்தச் சீமையில் அடங்கியவை. ஆக, இன்றைய தேனி வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றிய போர் அது. அதே போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டிய உழவர் ஒருவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமலே வாழ்ந்த அவர், பிறகு புனாவுக்கு அருகே ஒருவரிடம் போனார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர்! நடந்ததை ஆங்கில மருத்துவர் இருவர் நேரில் பார்த்தனர். 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது.

அந்தச் செங்கல்காரர் செய்தது என்ன? மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிப்பகுதியில் வைத்து, மூக்கு போலவே வடித்துக்கொண்டார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். கோட்டின் வழியே நெற்றித் தோலைக் கீறி உரித்தார். முழுவதையும் அல்ல, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். அத்தோலைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, மூக்கின் விளிம்பைக் கீறிச் செருகினார். ஒட்டுவதற்குப் பயன்பட்டது, வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டி! அதை நீரில் குழைத்துத் துணியில் தடவிப் போட்டார். நாசித்துளைகள் அடைபடாமலிருக்கப் பத்தாம் நாள் துணித்திரி வைக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள்தான் கண்களுக்கிடையே விட்டிருந்த துண்டை அறுத்தார்.

இந்தச் சிறு துண்டில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. புருவங்களின் உள்முனையருகே இரத்தக் குழாய்கள் நெற்றிக்கு ஏறுகின்றன. உரித்த தோல் புது இடத்தில் வேர்பிடிக்கும் வரை அதற்குச் சோறு போடுவது அந்தக் குழாய்களே. நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றைப் போன்றதல்ல இது. பதியன் போடுவதைப் போன்றது. கிளையை மண்ணில் புதைத்து, வேர்விட்ட பின்னரே தாய்ச்செடியிலிருந்து வெட்டுகிறோம் அல்லவா? கம்பத்துத் தோட்டக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சுசுருத சங்கிதையும் மூக்கு ஒட்டும் முறையைக் கூறுகிறது. அங்கே இலையால் அளவெடுத்துக் கன்னத்திலிருந்து தோலை எடுக்கிறார்கள். நெற்றி முறை எப்போது வந்ததோ, அது ஏட்டுப் படிப்பாக அல்லாமல் கைத்தொழிலாகவே வாழ்ந்தது.

காவஸ்ஜி கொடுத்த விலை இப்போது புரிகிறதா? நெற்றியில் ஆறாத தழும்பு. பல நாள் மல்லாந்த படுக்கை. மயக்க மருந்தின்றித் தாங்கிய வலி. ஈதர் மயக்கம் உலகுக்குத் தெரிந்ததே 1846இல்தான். இத்தனைக்கும் பிறகு மூக்கு வந்தது, கை வரவில்லை. கம்பெனி அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது.

அந்தச் செய்தியைப் படித்த இலண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் ஒரு படை அதிகாரிக்கு இதே முறையில் மூக்கு அமைத்தார். 1816இல் நூலாக எழுதினார். பிளாஸ்டிக் அறுவை மருத்துவம் ஐரோப்பாவில் புத்துயிர் பெற்றது இப்படித்தான். (பிளாஸ்டிக் என்பது இங்கே வாளியும் குடமும் அல்ல, உருவாக்குதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.)

இன்று விலை வேறு வகையில் பிரிகிறது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு, மருந்து, மறுபரிசோதனை என்று ஒவ்வொன்றும் ஒரு செலவு. தேனியில் விபத்தில் மூக்குடைந்தவர் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மூக்கு சற்று வளைவாக இருக்கிறது, அழகாக்க வேண்டும் என்பவரோ முழுச் செலவையும் தம் பையிலிருந்தே கொடுக்க நேரும். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றால் சிதைந்ததைச் சீராக்கினால் காப்பீடு உண்டு. வெறும் தோற்றத்தை மாற்றினால் இல்லை என்பது நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டின் பொது விதி. மூச்சுத் தடையை நீக்கும்போதே வடிவத்தையும் திருத்திக்கொள்பவர்கள், இரண்டுக்குமான செலவை முன்கூட்டியே தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பணத்தோடு விலை முடிவதில்லை. மூக்கின் வடிவத்தைத் திருத்த இன்றும் நோயாளியின் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பை எடுக்கிறார்கள். முதல் அறுவை சரியாக அமையாமல் இரண்டாவது தேவைப்பட்டால் மூக்கில் இருப்பு குறைந்திருக்கும். விலாவைத் தேடவேண்டி வரலாம். தோல் புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கோ, நெற்றித் தோல்தான் இன்றும் முதன்மையான கைகொடுப்பு. கண்களுக்கிடையே ஒரு துண்டை விட்டுவைத்து, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்தே அதை அறுக்கிறார்கள்.