டி.என்.ஏ. ரேகை ஆய்வு (இந்தியா)

டி.என்.ஏ. ரேகை ஆய்வு என்பது இரத்தம், விந்து, திசு, வேரோடு பிடுங்கிய முடி போன்றவற்றிலிருந்து ஆளை அடையாளம் காணும் தடயவியல் முறை. செய்தித்தாள்கள் இதை மரபணு சோதனை என்கின்றன. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 செப்டம்பரில் இதைக் கண்டறிந்தார். அங்கே கொலை வழக்கொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டபோது அது செய்த வேலை, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞரை விடுவித்தது. உண்மைக் குற்றவாளி சிக்கியது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் இத்துறை காவல்துறையின் தேவையிலிருந்து பிறக்கவில்லை, பாம்பிலிருந்து பிறந்தது. லால்ஜி சிங் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது, பாம்புகளில் ஆண் பெண்ணைப் பிரிக்கும் குரோமோசோம்களை. பின்னர் எடின்பரோவில், மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய கட்டுவிரியன் இனமொன்றிலிருந்து, ஜி.ஏ.டி.ஏ. என்ற நான்கெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டைப் பிரித்தெடுத்தார். பி.கே.எம். என்று பெயரிடப்பட்ட அத்துண்டின் வழிவந்த ஆய்வி (தனக்குப் பொருந்தும் டி.என்.ஏ. தொடரோடு ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் துண்டு), மனித டி.என்.ஏ.விலும் ஆளுக்கு ஆள் மாறுபடும் வரிகளைக் காட்டியது. 1987இல் ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சி.சி.எம்.பி.) சேர்ந்த அவர், அதை வழக்குகளுக்கு ஏற்ற முறையாக்கினார். ஜெஃப்ரிஸின் ஆய்விகள் அப்போது ஒரு பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் உரிமத்தில் இருந்தன. சொந்தமாக ஓர் ஆய்வி கையில் இருந்தது சிறிய விஷயமல்ல.

அன்றைய சோதனை பொறுமையைச் சோதிக்கும் வேலை. மாதிரியிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி, கூழ்ப்பலகையில் மின்சாரம் செலுத்தி நீளவாரியாகப் பிரிப்பார்கள். நைலான் சவ்வுக்கு மாற்றி, கதிரியக்க ஆய்வியில் ஊறவைத்து, எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்துக் குளிரில் நாள்கணக்கில் வைப்பார்கள். கழுவிய ஃபிலிமில் கடைப் பொருள்களின் பார்கோடு போலக் கறுப்பு வரிகள் தெரியும். பிள்ளையின் ஒவ்வொரு வரியும் தாயிடமோ தந்தையிடமோ இருந்தாக வேண்டும்.

இந்த விதியே 1989இல் கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்துக்கு வந்தது. குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்ட வழக்கு. தந்தை என்று சுட்டப்பட்டவர் மறுத்தார், சோதனை அவரைக் காட்டியது. இந்திய நீதிமன்றம் ஏற்ற முதல் டி.என்.ஏ. சான்று இதுவே. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டை அணிந்துவந்த பெண்ணின் சிதறிய உடற்பகுதிகளும் சி.சி.எம்.பி.யில் ஆராயப்பட்டன.

1990களில் குறுந்தொடர் மீள்வரிசை (எஸ்.டி.ஆர்.) முறை பழைய ஃபிலிமை ஓரங்கட்டியது. பி.சி.ஆர். கருவி டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்குவதால், கண்ணுக்குத் தெரியாத கறையும் போதுமானதாயிற்று. அதே காரணத்தால், தடயம் சேகரிப்பவரின் கையுறையிலிருந்து ஒட்டும் அந்நிய டி.என்.ஏ.வும் பெருகிவிடும்.

சட்டம் மெதுவாகவே வந்தது. பாலியல் வன்முறை வழக்குகளில் டி.என்.ஏ. மாதிரி எடுப்பதற்கான பிரிவுகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005 திருத்தத்தில்தான் சேர்ந்தன. திருமண உறவு நிலவும்போது பிறந்த குழந்தை கணவனுடையதே என்ற சாட்சியச் சட்டத்தின் அனுமானத்தைவிட டி.என்.ஏ. முடிவு வலுவானது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. தேசிய டி.என்.ஏ. தரவு வங்கிக்கு வழிசெய்ய 2019இல் மக்களவையில் அறிமுகமான மசோதா, அந்தரங்க உரிமை பற்றிய ஆட்சேபங்களுக்கிடையே நிலுவையில் கிடந்து, 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.