கணினி வழி மறந்த கதை

திண்டிவனத்திலிருந்து திருவாமாத்தூர் போக வேண்டியவர் விழுப்புரத்தில் இறங்கிப் பேருந்து மாறினால் போதும். முழு வழியும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்து எங்கே இறங்குவது என்பதுதான் முக்கியம். கணினி வலையமைப்பும் இப்படியே இயங்குகிறது. எந்த முகவரிக்குப் போகும் தகவலை எந்த நுழைவாயில் கணினியிடம் கொடுப்பது என்ற பட்டியல் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் உண்டு. இதுவே வழிப்பட்டியல். ஆனால் இது தற்காலிக நினைவகத்தில் இருப்பதால், கரண்ட் போனால் கையால் சேர்த்த வழிகளும் போய்விடும்!

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. இந்தியாவின் முதல் கல்வி வலையமைப்பான அதில் மின்னஞ்சல் முதலில் யு.யு.சி.பி. என்ற முறையில், தொலைபேசி இணைப்பு வழியாகச் சென்றது. எந்தக் கணினி எந்தக் கணினியை அழைக்க வேண்டும் என்பது வட்டில் ஒரு கோப்பாகவே இருந்தது. இயந்திரத்தை எத்தனை முறை அணைத்தாலும் அது அழியாது.

பின்னர் டி.சி.பி/ஐ.பி. வந்தது. 1983இல் வெளியான 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸில் வழிப்பட்டியல் இயங்குதளத்தின் கருவுக்குள், நினைவகத்தில் வைக்கப்பட்டது. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அதனுடன் வந்த 'ரூட்டட்' என்னும் நிரல் 30 நொடிக்கு ஒருமுறை அண்டைக் கணினிகளுடன் வழிகளைப் பரிமாறிக்கொண்டது. அறுந்த வழியை நினைவில் வைத்திருப்பதைவிட மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே மேல் என்பது அதன் தத்துவம். பல்கலைக்கழகத்துக்கு அது சரி. இரண்டே வலையமைப்புகளும் ஒரே நுழைவாயிலும் உள்ள சிறிய அலுவலகத்தில் சொல்லித்தர ஆள் ஏது? அங்கே நிர்வாகி 'ரூட்' கட்டளையைக் கையால் தட்டினார். மறுநாள் காலையில் மறுபடியும் தட்டினார்.

கணினி தொடங்கும்போது ஓடும் 'ஆர்சி' கோப்பில் அந்த வரியை எழுதி வைப்பதே யுனிக்ஸ்காரர்களின் வைத்தியம். விண்டோஸ் என்.டி. வரிசையில் கட்டளையோடு '-பி' என்று சேர்த்தால் வழி ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவிடும். விண்டோஸ் 95இல் இந்த வசதி கிடையாது. 2001இல் வந்த எக்ஸ்.பி.யின் உதவிக்குறிப்பு கூட இதை மறக்காமல் சொல்கிறது. 95 வைத்திருந்த பலர் ஆட்டோஎக்செக் கோப்பில் எழுதிப் பார்த்து ஏமாந்தனர். அது ஓடும் நேரத்தில் விண்டோஸின் டி.சி.பி/ஐ.பி.யே இன்னும் ஏறியிருக்காது. இல்லாத பேருந்துக்கு டிக்கெட் வாங்கிய மாதிரிதான்! ஒரு பேட்ச் கோப்பில் எழுதி ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டால் வேலை நடக்கும்.

லினக்ஸிலும் ஒரு பொறி உண்டு. ஆர்சி கோப்பு ஒருமுறைதான் ஓடும். நடுவில் பிணைய அட்டையை நிறுத்தி மீண்டும் இயக்கினால் வழி காணாமல் போய்விடும். எனவே பிணைய அமைப்புக் கோப்புகளிலேயே வழியை எழுதும் பழக்கம் வந்தது. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அந்த லினக்ஸில் இதற்கென்றே 'ரூட்ஸ்' என்ற தனிக் கோப்பு உண்டு. சேருமிடம், நுழைவாயில் என்று வழிக்கு ஒரு வரி. 2012இல் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நினைத்தால், அந்த ஒரு வரியின் அருமை புரியும்.

ஆனால் 4.2 பி.எஸ்.டி. அஞ்சிய ஆபத்தும் இதில் ஒளிந்திருக்கிறது. நுழைவாயிலின் முகவரி மாறினாலும் கோப்பில் பழைய வரி அப்படியே இருக்கும். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், கணினி தகவலை அந்தப் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.