பள்ளத்து வீட்டின் குரல்

மேட்டில் நின்று கூவுபவனுடைய குரல் வயல்வெளி கடந்து கேட்கும். பள்ளத்தில் நிற்பவன் தொண்டை வறளக் கத்தினாலும் அவன் குரல் குன்றைத் தாண்டுவது அரிது. வானொலி அலைக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். கேட்பதோடு அமையாது, பேசவும் மறுமொழி பெறவும் உதவுகின்ற இருவழி வானொலிக் கருவியைத் தாழ்ந்த நிலத்து வீட்டில் வைத்திருப்போர், தம் குரல் அயலூரையும் எட்டவில்லையே என்று வருந்துவதுண்டு. கருவியின் வலுவைக் கூட்டினால் போதும் என்ற எண்ணமே அவர்கள் மனத்தில் முதலில் எழும். கம்பியில்லாத் தந்தியின் வரலாறோ வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. அலை செல்லும் வழியை அறிந்து, அதற்கு இடங்கொடுத்தவர்களே தூரத்தை வென்றார்கள் என்பது அப்பாடம்.

1895ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் பொலோஞா நகருக்கு அண்மையில், தன் தந்தையாரின் மாளிகையிலிருந்து ஆராய்ச்சி நடத்தினான் இருபத்தோரு வயது இளைஞன் ஒருவன். குலியெல்மோ மார்க்கோனி என்பது அவன் பெயர். மின்காந்த அலைகள் உண்டென்பதை ஜெர்மானிய அறிஞர் ஹேர்ட்ஸ் முன்னரே மெய்ப்பித்திருந்தார். எனினும் அவ்வலைகள் ஆய்வுகூடத்தின் சுவர்களைத் தாண்டி நெடுந்தூரம் சென்றதில்லை. மார்க்கோனி, கருவியின் ஒரு முனையை நிலத்திற் புதைத்தான். மறுமுனையை ஒரு தகரப் பெட்டியோடு இணைத்துக் கம்பத்தில் ஏற்றினான். பெட்டி 2 மீற்றர் உயரத்தில் இருந்தபோது செய்தி 30 மீற்றர் சென்றது. 4 மீற்றர் உயர்த்தியபோது 100 மீற்றரும், 8 மீற்றர் உயர்த்தியபோது 400 மீற்றரும் சென்றது. பின்னர் அதே 8 மீற்றர் உயரத்திற் பெரிய பெட்டியை வைத்தபோது, செய்தி 2,400 மீற்றர் வரை எட்டியது. மாளிகைக்கு எதிரே இருந்த குன்றின் மறைவில் ஏற்கும் கருவியோடு காத்திருந்த தமையன், செய்தி வந்ததும் துப்பாக்கியால் வெடி தீர்த்து அறிவித்தான் என்பர். கண்ணுக்கு மறைந்த இடத்திற்கும் அலை செல்லும் என்பதற்கு அவ்வெடியே சான்றாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்து, 1897 மே மாதத்தில், பிரித்தானியாவின் பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் அதே மார்க்கோனி சோதனையொன்றில் ஈடுபட்டார். லாவர்னொக் முனைக்கும் பிளாற் ஹோம் தீவுக்கும் இடையே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் கடல். செங்குத்தான பாறையின் உச்சியில் கம்பமும் கருவியும் நின்றன. இரண்டு நாட்கள் முயன்றும் தெளிவான செய்தி எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் கருவியைப் பாறையின் அடிவாரத்திற்கு, கடற்கரைக்கே கொண்டுசென்றனர். உச்சியிலிருந்த கம்பத்தோடு மேலும் 20 யார் கம்பியால் அதை இணைத்தனர். கருவி இருந்த இடம் தாழ்ந்தது. ஆயினும் கம்பியின் மொத்த உயரம் 50 யாராக நீண்டது. அந்நாளிற் செய்தி தெளிவாக ஒலித்தது. பேசுபவன் எவ்வளவு தாழ்ந்த இடத்தில் அமர்ந்திருந்தாலும் அவனுடைய ஏரியல் உயர்ந்திருக்க முடியும் என்ற உண்மை அன்று புலனாயிற்று. பள்ளத்து வீட்டாருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

இவ்வுண்மை உயிர் காக்கும் ஆற்றலுடையது என்பதும் விரைவில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கொட்வின் மணற்றிடர்கள் உள்ளன. எண்ணற்ற கப்பல்களை விழுங்கியவை அவை. அங்கே மாலுமிகளை எச்சரிக்க நங்கூரமிட்டு நின்ற விளக்குக் கப்பலைக் கடல்மட்டத்தில் மிதக்கும் ஒரு வீடு எனலாம். 1898 டிசெம்பரில் அதன் பாய்மரத்தில் ஏரியல் கட்டப்பட்டு, கரையிலுள்ள சவுத் போர்லாண்ட் வெளிச்சவீட்டோடு தொடர்பு ஏற்பட்டது. 1899 மார்ச் மாதத்தில் ‘எல்ப்’ என்னும் கப்பல் மணலிற் சிக்கியபோது, விளக்குக் கப்பல் விடுத்த செய்தியால் உயிர்காப்புப் படகு அழைக்கப்பட்டது. அடுத்த மாதம் மூடுபனியில் வேறொரு கப்பல் விளக்குக் கப்பலையே மோதியது. அப்போது அதிலிருந்தோர் தம்பொருட்டே உதவி கோரினர். அதுவரை அத்தகைய கப்பலில் வாழ்ந்தோர்க்குக் கொடியும் விளக்கும் வெடியொலியுமே மொழியாக இருந்தன.

ஆயினும் கம்பத்தை எவ்வளவுதான் உயர்த்துவது? மலைத்தொடர் குறுக்கிட்டால், அல்லது பூமியின் வளைவே குறுக்கிட்டால், கம்பம் என்ன செய்யும்? இதற்கு விடை வானத்தில் இருந்தது. 1902இல் கெனலி, ஹெவிசைட் ஆகிய இருவரும், உயர் வளிமண்டலத்தில் அலையைத் திருப்பி அனுப்பும் மின்னூட்டப் படையொன்று இருக்கலாம் என்று தனித்தனியே கூறினர். அதனை முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியோர் அமெச்சூர் வானொலியாளர்களே. பயனற்றவை எனக் கருதப்பட்ட சிற்றலைகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஒதுக்கித் தள்ளிய அவ்வலைகளே உலகைச் சுற்றும் வல்லமை உடையவையாக விளங்கின.

நியூசிலாந்தின் தென்தீவிலே ஷாக் பள்ளத்தாக்கில் ஓர் ஆட்டுப்பண்ணை. முதலாம் உலகப் போரில் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பிராங் பெல் என்பவர் அங்கே ஒரு நிலையம் அமைத்தார். 1924 ஒக்டோபர் 18ஆம் நாள் அவர் விடுத்த அழைப்புக்கு, இலண்டனின் மில் ஹில் பாடசாலையிலிருந்து செசில் கொய்டர் என்னும் மாணவர் மறுமொழி அளித்தார். பூமியின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்திற்கு நடந்த அவ்வுரையாடலுக்குப் பேரரசின் மாபெரும் நிலையம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெல்லின் தமக்கை பிரெண்டாவும் பின்னர் அந்நிலையத்தை நடத்திப் புகழ் பெற்றார். கொய்டரோ பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளராகப் பணியாற்றினார். அதே 1924ஆம் ஆண்டின் டிசெம்பரில் அப்பிள்ற்றன் என்னும் அறிஞர், மேலுள்ள அப்படை மெய்யாகவே உண்டு என்பதைச் சோதனையால் நிறுவினார்.

மூன்றாவது வழி, மலையையே துணை கொள்வது. கையிலும் வாகனத்திலும் கொண்டு செல்லும் சிறு கருவிகள் மீயுயர் அதிர்வெண் அலைகளைக் கையாளுவன. இவ்வலைகளை வானம் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. அவை அடிவானம் வரை நேராகச் செல்லும். மார்க்கோனி கண்ட பழைய கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. சமவெளியில் 5 மீற்றர் உயர ஏரியலுக்கு அடிவானம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். 20 மீற்றர் உயர்த்தினால் 18 கிலோமீற்றர். எல்லை இருமடங்காக, உயரம் நான்கு மடங்காக வேண்டும். ஆகவேதான் ஓர் உச்சியில் அஞ்சல் நிலையம் அமைக்கும் முறை தோன்றியது. அந்நிலையம் ஓர் அதிர்வெண்ணிற் கேட்டதை அக்கணமே மற்றோர் அதிர்வெண்ணில் மீள அனுப்பும். இதனால் மலையின் இருபுறத்துப் பள்ளங்களும் ஒன்றோடொன்று பேசலாம். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அங்கிருந்து அடிவானம் ஏறக்குறைய 200 கிலோமீற்றருக்கு அப்பாற் செல்லும். தொலைக்காட்சி ஒலிபரப்புக்கு அச்சிகரம் தெரிவு செய்யப்பட்டதன் காரணமும் இதுவே.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்கான நுட்பங்கள் என்று எண்ணுவோர் 2004 டிசெம்பர் 26ஆம் நாளை நினைவுகூர்தல் வேண்டும். ஆழிப்பேரலை தாழ்ந்த கரையோரங்களை விழுங்கியபோது தொலைபேசித் தொடர்புகளும் அறுந்தன. அந்தமான் தீவின் போர்ட் பிளேயரில், வானொலி நிலையம் இயக்க அனுமதி பெற்று வந்திருந்த அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத், தீவின் நிலையை வெளியுலகுக்கு அறிவித்தார். தென்னிலங்கையின் அம்பாந்தோட்டைக்குக் கருவிகளோடு விரைந்த அமெச்சூர் வானொலியாளர்கள் கொழும்போடு சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர். பெருங்கோபுரங்கள் வாய் மூடிய வேளையில், சிறு மின்கலத்தாலும் ஒரு நீளக் கம்பியாலும் இயங்கிய கருவிகள் பேசின.

தாழ்ந்த நிலத்தில் வாழ்பவர் செய்யத்தக்கவை இவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளன. முறையான அனுமதிப்பத்திரம் பெற்றபின், முதலில் ஏரியலை உயர்த்துதல்; கூரைக்கும் மரத்திற்கும் மேலே அதனை நிறுத்துதல்; கருவியிலிருந்து ஏரியலுக்குச் செல்லும் வடத்தில் ஆற்றல் வீணாகாது தரமானதைத் தெரிதல். குன்று மறைத்தால் உச்சியிலுள்ள அஞ்சல் நிலையத்தை நாடுதல். அதுவும் இல்லையெனின் சிற்றலையை மேல்நோக்கி அனுப்பி வானத்தின் வழியே அயல் மாவட்டத்தை அடைதல். இதற்கு மட்டும் சில மீற்றர் உயரத்திற் கிடையாகக் கட்டிய கம்பியே போதும். வலுவைக் கூட்டுவது இவற்றுக்கெல்லாம் பின்னரே எண்ணத்தக்கது.

வெள்ளம் முதலில் வருவது பள்ளத்து வீட்டுக்குத்தான். உதவி வேண்டி முதலில் எழ வேண்டிய குரலும் அவ்வீட்டின் குரலே. அக்குரல் மேட்டை எட்டுவதற்கான வழியை, வெள்ளம் வருமுன் அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.