புள்ளலூர்ப் போரும் ஆற்காட்டின் வீழ்ச்சியும்

 

நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சாந்தோமும் பரங்கிமலையும் ஒரு காலத்தில் ஆங்கிலேயரை நடுங்க வைத்த குதிரைப் படையைக் கண்ட இடங்களாகும். 1769 இல் மைசூர் அதிபர் ஹைதர் அலீ ஏறத்தாழ 6,000 குதிரை வீரர்களுடன் சென்னையின் வாசல்வரை வந்து, கும்பெனியாரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் ஷரத்து. ஆனால் 1771 இல் மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கும்பெனியார் வரவில்லை. பின்னர் மூண்ட பெரும்போருக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் இந்த வாக்கு மீறலை ஹைதர் மறக்கவேயில்லை.

1780 இல் அவர் கர்நாடகப் பிரதேசத்தில் பெரும்படையுடன் இறங்கினார். பக்ஸர் வெற்றியால் புகழ்பெற்ற தளபதி மன்ரோ காஞ்சிபுரத்தில் இருந்தார். அவரோடு சேர வடக்கிலிருந்து வந்த கர்னல் பெய்லியைக் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் பல நாள் தடுத்தது. அந்த இடைவெளியே போதுமானதாயிற்று. செப்டம்பர் 10 அன்று, ஹிஜ்ரி 1194 ரமழான் மாதத்தில், புள்ளலூரில் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை சூழப்பட்டது. திப்பு சுல்தானும் அக்களத்தில் இருந்தார். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படை அழிந்தது. சிறைப்பட்ட பெய்லி 1782 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். சில மைல் தூரத்தில் இருந்தும் உதவாத மன்ரோ, கனரக பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இவ்வெற்றியைப் பற்றி நம்மவர்கள் பெருமையாகப் பேசுவதுண்டு, அது தவறன்று. ஆனால் ஹைதரின் படையினர் சென்னையைச் சூழ்ந்த ஊர்களையும் பயிர்களையும் எரித்தனர் என்பதை மறைப்பது நீதியாகாது. போரோடு பஞ்சமும் வந்தது. பட்டினியால் நகருக்குள் ஓடிவந்த ஏழைகளுக்காக 1782 இல் மணியக்காரர் சத்திரம் எழுந்தது. அங்கே ஊற்றிய கஞ்சியால்தான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் நிலைத்தது.

தோல்வியடைந்தவர் கும்பெனியார், விலை கொடுத்தவரோ அவர்களுடைய நண்பர் நவாப் முஹம்மது அலீ வாலாஜா. வங்காளத்திலிருந்து ஸர் அயர் கூட் வரவழைக்கப்பட்டார், போர்ச்செலவு பெருகியது. 1781 டிசம்பர் 2 அன்று நவாப் தம் நாட்டின் வருவாயை ஐந்தாண்டுகளுக்குக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார். ஆறில் ஒரு பங்கே அவருக்கு எஞ்சியது. 1785 இல் வருவாய் திரும்பக் கிடைத்தது. ஆயினும் நாட்டின் நிர்வாகத்தைத் தாமே நடத்தலாம் என்ற ருசியைக் கும்பெனியார் கண்டுவிட்டனர். 1792 உடன்படிக்கை அப்பிடியை மேலும் இறுக்கியது.

1799 இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின், அவருடைய அரண்மனைக் கடிதங்களைக் காட்டி, வாலாஜாவும் அவர் மகன் உம்தத்துல் உமராவும் திப்புவோடு இரகசியத் தொடர்பு கொண்டிருந்ததாகக் குற்றம் சாட்டினர். வாலாஜாவோ 1795 இலேயே மறைந்திருந்தார். பதில் சொல்ல அவர் இல்லை. ஹைதருக்கு எதிராக ஆங்கிலேயருடன் நின்ற குடும்பம், ஹைதரின் மகனுக்கு நண்பர்கள் என்ற பழியால் 1801 இல் நாட்டை இழந்தது. எஞ்சியிருந்த நவாப் பட்டமும் 1855 இல் ஒழிக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை அரசாங்க அலுவலகமாயிற்று. அவர்களுடைய வழித்தோன்றல்களின் இல்லம் இன்று இராயப்பேட்டை அமீர் மஹால்.