மழைக்கோட்டும் காற்றுச் சட்டையும்



நம் பெக்கான் நானாசில் அன்னாசித் தோட்ட வேலைக்குச் செல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொளுத்தும் வெயிலிலும் அவர்கள் முழுக்கைச் சட்டை அணிந்திருப்பார்கள். ஏன்? அன்னாசி இலையின் கூர்முனை கையைக் கிழித்துவிடும். எதைத் தடுக்க வேண்டும் என்பதை அறிந்து உடுத்துகிறார்கள். உடையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஒரு முறை நாம் மாணவர் சிலருடன் குனோங் பூலாய் மலையில் ஏறினோம். மழை வரும் என்று அஞ்சி, சிலர் அடிவாரத்திலேயே தடித்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். மழை வரவில்லை. உச்சியில் காற்று வீசியபோது கோட்டைக் கழற்றிய பிள்ளைகள் நடுங்கினார்கள். "ஐயா, மழையே பெய்யவில்லையே, எப்படி நனைந்தோம்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை தேடினால் இருநூறு ஆண்டு வரலாறு விரிகிறது.

தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் பால்மரத்தின் பாலைத் துணியில் பூசி நீர் புகாமல் செய்யும் வித்தையை முன்பே அறிந்திருந்தார்கள். 1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ், ரப்பரை நாப்தா என்னும் எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். மழைக்கோட்டு பிறந்தது. ஆனால் அது குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்று கண்டார். மழை வெளியே நின்றது. ஆனால் வியர்வை உள்ளேயே நின்றுவிட்டது! இந்தக் குறை மட்டும் தீரவில்லை.

அந்த ரப்பர் மரம்தான் பின்னர் நம் முன்னோரின் வாழ்வாயிற்று. 1876-இல் பிரேசில் நாட்டு விதைகள் இலண்டனுக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்பு மலாயா எங்கும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து நம் மக்கள் வந்தார்கள்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மழையைத் தடுக்கும் பொருளைத் தந்தவர்களுக்கு மழை பெரும் பகையாக இருந்தது. மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழியும். மங்கில் மழைநீர் கலக்கும். வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. உலகத்தார் ரப்பர்க் கோட்டு அணிந்து மழையில் நடந்தார்கள். ரப்பர் வெட்டியவரோ சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். இலங்கை மலையகத்தில் குளிர் தாங்கக் கம்பளி கொடுத்தார்கள். அதன் விலையைத் தொழிலாளியின் கணக்கிலேயே கடனாக எழுதினார்கள். தோட்டத்தில் உடைக்கும் ஓர் உழைப்புக் கணக்கு இருந்தது.

மேல்நாட்டில் வேறொரு வழி பிறந்தது. 1879-இல் இங்கிலாந்தில் தாமஸ் பர்பெரி, நூலுக்கே நீர் ஒட்டாத பக்குவம் செய்து, பின் நெருக்கமாக நெய்தார். அதுவே கேபர்டின் துணி. பூச்சு இல்லாததால் வியர்வை ஆவி ஓரளவு வெளியேறியது, காற்று நுழையவில்லை. 1911-இல் தென் துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்செனும், 1912-இல் அடைந்த ஸ்காட்டும் இத்துணியைக் கொண்டுசென்றவர்களே. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடித்தார். 1953-இல் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்டில் ஏறியபோது, கம்பளிக்கு மேல் அவர்கள் அணிந்த காற்றுத்தடுப்பு உடை பருத்தியும் நைலானும் கலந்து நெய்ததாகும். வெப்பத்தைக் காத்தது உள்ளாடை. காற்றைத் தடுத்தது மேலாடை. இரண்டு வேலைகளும் பிரிந்துவிட்டன. இன்று வெறும் நைலானால் ஆன காற்றுச் சட்டை ஏறத்தாழ 100 கிராம் எடையில் கிடைக்கிறது. மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும்.

இப்போது அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் பெரும்பகுதி நம் உடம்பிலிருந்தே போகிறது. காற்று வீசினால் ஆவியாதல் விரைகிறது. ஆகவே அவனை நனைத்தது அவனுடைய வியர்வை. நடுங்க வைத்தது காற்று. உயரமும் சேர்ந்துகொள்ளும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறைகிறது. 654 மீட்டர் உயரமுள்ள குனோங் பூலாயில் இது நான்கு பாகைதான். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவிலோ விடியற்காலையில் குளிர் உறைநிலையை நெருங்கிவிடும்.

எனவே மலையேறவோ காட்டுப் பாதையில் ஓடவோ விரும்பும் இளைஞர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்க வேண்டாம். "நான் எதைத் தடுக்கப் போகிறேன்?" என்று தம்மையே கேட்கட்டும். காற்றை மட்டும் தடுக்க மெல்லிய நைலான் சட்டை போதும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றே கசிந்தால் வியர்வைக்கும் வழியுண்டு. முன்புறம் முழுவதும் திறக்கும் ஜிப் இருக்கட்டும். ஏறும்போது பையில் வையுங்கள். நின்று இளைப்பாறும்போது அணியுங்கள். ஆனால் இது மழைக்கோட்டு ஆகாது. கனமழை காற்றுச் சட்டைக்குள் புகுந்துவிடும். அதற்குத் தனிக் கோட்டு தேவை. 1976 முதல் விற்பனையாகும் கோர்டெக்ஸ் போன்ற துணிகள் மழையைத் தடுத்து ஆவியை வெளிவிடுகின்றன, ஆயினும் நம் நாட்டுப் புழுக்கத்தில் அவையும் திணறும், விலையும் அதிகம்.

1997 மே 23-ஆம் நாள், எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை ஏற்றினார்கள். அந்தச் சிகரத்தை முதலில் தொட்ட மலேசியர் இருவரும் தமிழரே. சாக்கைத் தலையில் கவிழ்த்து மழையில் நடந்த சமுதாயத்தின் பிள்ளைகள், உலகின் மிகக் கடுமையான காற்றை எதிர்த்து நின்றார்கள். நம் பிள்ளைகளும் மலையேறட்டும். எதை எதிர்கொள்ளப் போகிறோம் என்று அறிந்து ஏறட்டும்.