கருவியின் கணிப்பு சாட்சியமாகாது

அண்மையில் முதுநிலைப் பொருளியல் ஆய்வேடுகளை மதிப்பிட ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டுடன், 'செயற்கை நுண்ணறிவு எழுதியது: 78%' என்னும் மென்பொருள் அறிக்கை இணைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற கிராமத்து மாணவி. அறிக்கையைப் பார்த்த அளவிலேயே, ஆய்வேட்டை நிராகரித்துவிடலாம் என்றார் உடனிருந்த தேர்வாளர்.

அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால் இந்த அவசரம் எழாது. சாட்ஜிபிடி போன்ற செயலிகள், அடுத்து வர வாய்ப்புள்ள சொல்லைக் கணித்துக் கணித்தே வாக்கியங்களை அமைக்கின்றன. ஆகவே, கண்டறியும் மென்பொருள்கள் பலவும், ஒரு கட்டுரையின் சொற்கள் எந்த அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியவை, வாக்கிய நீளம் எந்த அளவுக்கு மாறுபடுகிறது என்பவற்றை அளக்கின்றன. எல்லாம் சீராக இருந்தால், இயந்திரத்தின் ஆக்கம் என்கின்றன.

ஆனால், அயல்மொழியில் எழுதுபவரும் பழகிய சொற்களையும் பாடநூல் வாக்கிய அமைப்பையுமே கையாள்வார். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களைக் கொண்டு சோதித்தனர். சராசரியாக 61% கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் இத்தவறு மிகக் குறைவு.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையில், அது இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தையே இனங்கண்டது. மனித எழுத்தில் 9 சதவீதத்தின் மீது தவறாகப் பழி சுமத்தியது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் அக்கருவி திரும்பப் பெறப்பட்டது.

இதைவிடச் சிறந்த கருவி ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 1,000 ஆய்வேடுகளில் 100 மட்டுமே இயந்திரம் எழுதியவை; அவற்றில் 80-ஐக் கருவி பிடித்துவிடுகிறது. நேர்மையாக எழுதிய 900 பேரில் 5 சதவீதத்தினரை, அதாவது 45 பேரை, தவறாகச் சுட்டுகிறது. குற்றஞ்சாட்டப்படும் 125 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நிரபராதிகள்! 5% என்பது சிறிய பிழையாகத் தோன்றலாம். அதில் அகப்பட்டவருக்கு அது முழுத் தண்டனை.

அப்படியானால் உண்மையை அறிவது எவ்வாறு? எழுத்தை மட்டும் பாராமல், அது உருவான வழியைப் பார்க்க வேண்டும். மேற்கோள் காட்டப்பட்ட நூல்கள் உண்மையில் உள்ளனவா எனச் சரிபார்க்கலாம். இல்லாத நூல்களைக் கற்பித்துக் கூறுவது இச்செயலிகளின் அறியப்பட்ட குறைபாடு. முந்தைய வரைவுகளையும் களக்குறிப்புகளையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவருடன் உரையாடலாம்.

அந்த மாணவியை அழைத்தோம். மகளிர் சுயஉதவிக் குழுக் கடன்களே அவருடைய ஆய்வுப்பொருள். கடன் எதற்குச் செலவானது என்று கேட்டேன். "முதலில் எல்லாரும் தொழிலுக்கு என்றுதான் சொன்னார்கள், ஐயா. மூன்றாம் முறை போனபோதுதான், வட்டிக்காரரிடம் வாங்கிய பழைய கடனை அடைத்ததைச் சொன்னார்கள்" என்றவர், கசங்கிய குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். அதன்பின் அவரிடம் வேறு சான்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மென்பொருளின் அறிக்கை, விசாரணையைத் தொடங்க ஒரு காரணமாக இருக்கலாம். அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது. பல்கலைக்கழகங்கள் இதை விதியாகவே வகுக்க வேண்டும்.